ஸ்டோரில் காய்ந்த பந்து

ஆட்டத்தில் தோற்றவனை ஊர் ஒரு வாரத்தில் மறந்துவிடும். கோலை விட்ட கோல்கீப்பரைக்கூட அடுத்த பொங்கலுக்குள் மன்னித்துவிடும். பந்து கொண்டுவந்தவனை மட்டும் மறக்கவே மறக்காது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பந்து கொண்டுவந்தவனே நான்தான்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய்க்குப் பேர் போன ஊர். கால்பந்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, என் தாய்மாமா ஏற்படுத்தும் வரைக்கும். மாமா ஏலக்காய் வியாபாரி. மலைமேல் போடிமெட்டைத் தாண்டிக் கொஞ்சம் தோட்டமும் வைத்திருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் சரக்கு விஷயமாகக் கேரளத்துப் பக்கம் சுற்றிவிட்டு, ஒருநாள் கக்கத்தில் ஒரு தோல் பந்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். அங்கே ஏதோ ஒரு சின்ன ஊரில், கொட்டும் மழையில், வாழை இலையைத் தலையில் பிடித்துக்கொண்டு ஊரே நின்று ஆட்டம் பார்த்ததாம்.

"நம்ம ஊர்ல வேடிக்கை பாக்க ஆளுக்கா பஞ்சம்? வேடிக்கைக்குத்தான் பஞ்சம்" என்றார் மாமா.

அடுத்த பொங்கலுக்கே 'அழைப்பு நாக்-அவுட் கால்பந்துப் போட்டி' என்று ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் அடித்துவிட்டார். அழைப்பு என்றால், மாமா யாரைக் கூப்பிடுகிறாரோ அந்த அணிதான் வரலாம். நாக்-அவுட் என்றால், தோற்ற அணி அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டும். ஆனால் மாமாவின் நாக்-அவுட்டில் ஒரு விசேஷம் உண்டு. தோற்ற அணிக்குத் தலைவாழை இலை போட்டு, வயிறு முட்டச் சாப்பாடு போட்டு, பஸ் ஏற்றி விட்டுவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வருவார். "செயிச்சவனுக்குச் சந்தோசமே வயித்த நெறைச்சிரும். தோத்தவன் பசியோட போனான்னா, வழியெல்லாம் நம்ம ஊரை ஏசிக்கிட்டே போவான்" என்பது அவர் சித்தாந்தம்.

போட்டி நடத்துகிற ஊருக்கு ஓர் அணி வேண்டுமே என்று உள்ளூர்ப் பையன்களைப் பிடித்து ஓர் அணியும் தயார் செய்தார். எல்லாரும் கபடி ஆடி வளர்ந்தவர்கள். முதல் வருடம், எதிரணிக்காரர் பந்தோடு வேகமாக வர, எங்கள் ஆள் பழக்கதோஷத்தில் குனிந்து அவர் கணுக்காலைப் பிடித்துவிட்டான். பிடித்ததோடு விடவில்லை. கோட்டைத் தொடவிடாமல் மேலே ஏறிப் படுத்துக்கொண்டான். கூட்டம் விசிலடித்து ஆர்ப்பரித்தது. (ஊருக்கும் அப்போது கபடிதான் தெரியும்.)

அதன்பிறகு வருடா வருடம் எங்கள் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்கும். தோற்ற அணி ஊருக்குப் போக வேண்டும். இவர்களுக்கு இதுதான் ஊர். எனவே ஜெர்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மிச்ச நாட்கள் முழுக்க வெளியூர் அணிகளுக்குப் பந்தி பரிமாறுவார்கள். கால்பந்தில் தேறினார்களோ இல்லையோ, சாம்பார் வாளி தூக்குவதில் போடி அணியை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. கேப்டன் தங்கராசு, மாமாவின் மகன், எனக்கு மச்சான். ஒரு சொட்டு இலையில் சிந்தாமல் ரசம் ஊற்றுவான். வெளியூர்க்காரர்கள் அவனை "ரசம் கேப்டன்" என்று கூப்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொள்வான். ஆனால் வீட்டுக்கு வந்து, அந்த வருடத்துக்கென்று மாமா வாங்கி ஷோகேசில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் கோப்பையை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைப்பான். ஒரே ஒரு தடவை அதை ஜெயித்து வாங்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. அது கோப்பை இல்லை. தங்கராசுவின் தங்கை விஜயா.

மாமன் மகள், முறைப்பெண். எனக்குக் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது என்றுதான் நான் சின்ன வயதிலிருந்து நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதிதான் வினை. மதுரையில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து முடித்துவிட்டு, மாமாவின் மலைத்தோட்டத்து ஏலக்காய் ஸ்டோரில் மேற்பார்வை என்ற பெயரில் கப்பக்கிழங்கு தின்றுகொண்டிருந்த காலத்தில், பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து ஒரு ரைஸ்மில்லுக்காரர் தன் மகனுக்கு விஜயாவைக் கேட்டு வந்துவிட்டார். மாமாவுக்குத் திருப்தி. வருகிற போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு மில்லுக்காரரையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவது, அவர் கையால் கோப்பை கொடுக்க வைப்பது, அன்று இரவே வீட்டில் தாம்பூலம் மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

இறுதி ஆட்டத்துக்குள் நான் ஓர் ஆளாகியாக வேண்டும். விளையாடி ஆளாக முடியாது. எனக்கு ஓடினால் இளைக்கும். மாமாவிடம் போய், போட்டியில் ஏதாவது பொறுப்பு கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பந்தைப் பாத்துக்க மாப்ளே. ரெண்டு பந்து இருக்கு. அதுல எதுவும் கெட்டுப்போக வழியில்ல."

அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த விஜயா, "எதுக்கும் கொஞ்சம் கவனமாவே பாத்துக்கங்க மச்சான்" என்றாள். அவள் சிரித்தாளா என்பதை நான் கவனிக்கவில்லை. கையில் பந்து இருந்த பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

அந்த வருடம் நடக்கக் கூடாததெல்லாம் நடந்தது. முதல் ஆட்டத்தில் எங்களோடு மோத வேண்டிய அணியின் வேன் வழியில் அச்சு முறிந்து நின்றுவிட, போடி அணி ஆடாமலே ஜெயித்தது. அரையிறுதியில் மதுரையிலிருந்து வந்த பலமான அணி. ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், தை மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை பிடித்துக்கொண்டது. மைதானம் நாற்றங்கால் ஆயிற்று. மதுரைக்காரர்கள் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வயலில் பிறந்து வளர்ந்தவர்கள். சேற்றில் நிற்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கோல் போட்டு ஜெயித்தும்விட்டார்கள். போட்டியின் சரித்திரத்தில் முதல் தடவையாக போடி அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. பந்தி பரிமாற ஆள் இல்லாமல் அன்று மாமாவே வாளி தூக்கினார்.

இந்தக் கொண்டாட்டத்தில் நான் செய்த ஒரு காரியத்தை அப்போது யாரும் கவனிக்கவில்லை. இடைவேளையில் பந்து தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது என்று நடுவர் சொன்னதும், நான் ஓடிப்போய், இறுதி ஆட்டத்துக்கென்று எடுத்துவைத்திருந்த புதுப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். எவ்வளவு பொறுப்பான பையன் என்று மாமா நினைப்பார் என்று எனக்கு நினைப்பு. ஆட்டம் முடிந்தபோது இரண்டு பந்தும் ஊறிப்போயிருந்தன. அந்தக் காலத்துத் தோல் பந்து, நாடா போட்டுக் கட்டியது. ஊறினால் ஆட்டுக்கல் குழவியை உதைப்பதும் அதை உதைப்பதும் ஒன்றுதான்.

நடுவர் மதுரைக்காரர், கறாரான மனிதர். பந்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு இதைத் தலையில வாங்குனா கழுத்து நிக்காது. காஞ்ச பந்து இருந்தா பைனல். இல்லன்னா கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேறு பந்துக்கு வழியில்லை. பள்ளிக்கூடத்துப் பந்துகள் இருந்த அறையின் சாவி, பொங்கலுக்குச் சொந்த ஊர் போன டிரில் மாஸ்டரின் இடுப்பில் இருந்தது. மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் வானம் மூடிக்கிடக்கிறது, வெயிலுக்கு வாய்ப்பே இல்லை. பந்தை அடுப்பு மேல் கட்டித் தொங்கவிடப் போனேன். "பருப்பு வேகுற எடத்துல செருப்புத் தோலையா தொங்கவிடுற?" என்று அத்தை கரண்டியோடு விரட்டினாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றால் சாதாரண யோசனை இல்லை. வெப்பத்தைப் பற்றித் தனித்தாளே எழுதித் தேறியவனுக்கு வருகிற யோசனை.

ஏலக்காய் ஸ்டோரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். செடியிலிருந்து பறித்த பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடம் அது. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு அறைக்குள் ஓடும் தகரக் குழாய்கள் வழியாகப் பரவும். குழாய்க்கு மேலே தட்டுத்தட்டாகக் காய் பரப்பியிருக்கும். மலையில் மழைக்காலத்தில் எதுவும் காயாது. அதனால் மலைக்காரர்கள் நனைந்த எதையும் கொண்டுவந்து ஸ்டோரில்தான் போடுவார்கள். கம்பளி, சட்டை, நமுத்த தீப்பெட்டி, பிள்ளைகளின் பாடப்புத்தகம், ஒரு தடவை முகூர்த்தப் பட்டுச்சேலைகூட அங்கே காய்ந்ததுண்டு. எல்லாம் நன்றாகத்தான் காய்ந்தது. பந்து மட்டும் என்ன பாவம் செய்தது?

மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் காலை ஜீப்பில், காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு நடுவே, இரண்டு பந்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "என்ன தம்பி, புள்ளைகளுக்கு ஊசி போடக் கொண்டுபோறீகளா?" என்று ஒரு பெண் கேட்டாள். விஞ்ஞானிகளை உலகம் எப்போதும் இப்படித்தான் நடத்தியிருக்கிறது.

ஸ்டோரில் குருசாமி அண்ணன் இருந்தார். அடுப்புக்கு விறகு போடுவதும் காயைப் புரட்டுவதும் அவர் சோலி. விஷயத்தைச் சொன்னேன். அவர் கவலை வேறு மாதிரி இருந்தது.

"பந்து காஞ்சிரும், அது பெருசில்ல. காயில தோல் வாடை ஏறிட்டா மொதலாளி என் தோலை உரிச்சிருவாரே தம்பி."

"ஒரு ஓரமா வைப்போம்ணே. ஊர் மானம் இதுல இருக்கு."

ஊர் மானம் என்றதும் அவர் இளகிவிட்டார். அவருக்குச் சொந்த ஊர் போடியை அடுத்த சிலமலை. போடி அணி இறுதி ஆட்டத்துக்கு வந்ததில் அவருக்கும் பெருமை. பந்துகளின் நாடாவை அவிழ்த்து, உள்ளே இருந்த ரப்பர் பிளாடரை உருவி வைத்துவிட்டு, தோலை மட்டும் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தோம். மதியம் ஜீப் இறங்கிவிடும். காய் என்றால் ஒரு பகல் ஓர் இரவு காயும். பந்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"வெரசாக் காயணும்னா தீயைக் கூட்டணும்" என்றார் அண்ணன்.

"கூட்டுங்க" என்றேன் நான். வெப்பநிலை உயர உயர ஆவியாதல் விரைவாகும் என்று அவருக்கு விளக்கமும் சொன்னேன். அவர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, இன்னும் இரண்டு கட்டை உள்ளே தள்ளினார். பிறகு நாங்கள் வெளியே உட்கார்ந்து, அவித்த கப்பக்கிழங்கைக் காந்தாரி மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்றுகொண்டே, இறுதி ஆட்டத்தில் யார் கோல் போடுவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு சுவாரசியமாக இருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டோம்.

ஜீப் ஹாரன் அடித்தபோதுதான் உள்ளே ஓடினேன். பந்துகள் காய்ந்திருந்தன. அதில் குறை சொல்லவே முடியாது. பழைய பந்து அப்பளமாகி, எடுக்கும்போதே தையல் விட்டு வாயைப் பிளந்தது. புதுப் பந்து தப்பித்திருந்தது. ஒரு சுற்றுச் சிறுத்து, மரம் போல விறைத்து, ஏலக்காய் வாசம் அடித்துக்கொண்டிருந்தது.

"காத்தடிச்சா சரியாயிரும் தம்பி" என்றார் அண்ணன். அவருக்கும் பந்தைப் பற்றி என் அளவுக்குத்தான் தெரியும்.

மலைப்பாதையில் ஒரே மூடுபனி. கொண்டையூசி வளைவு ஒன்றில் லோடு லாரி குறுக்கே நின்று நேரத்தைத் தின்றது. ஓடுகிற ஜீப்பிலேயே பிளாடரைச் செருகி, நாடாவை இழுத்துக் கட்டி, பம்பால் காற்றடித்தேன். குழாய்ப் பக்கம் இருந்த தோல் சுருங்கிவிட்டது, மறுபக்கம் சுருங்கவில்லை. அடிக்க அடிக்கப் பந்து ஒரு பக்கமாகவே வளர்ந்தது. கடைசியில் அது கிளிமூக்கு மாங்காய் வடிவத்தில் வந்து நின்றது. கையால் அமுக்கிப் பார்த்தேன், முழங்காலால் அமுக்கிப் பார்த்தேன், மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். ஜீப் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

மைதானத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு அணிகளும் களத்தில் நின்றன. தேவாரத்திலிருந்தும் சிலமலையிலிருந்தும் ஜனம் வந்து குவிந்திருந்தது. மேடையில் மில்லுக்காரர், பக்கத்தில் மேசைமேல் கோப்பை, அதன் பக்கத்தில் ஜெயிக்கும் கேப்டனுக்கு மாமா கட்டச் சொல்லியிருந்த ஏலக்காய் மாலை. எதிரணி மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளத்து எஸ்டேட் அணி. போன வருடக் கோப்பை அவர்களுடையது. அவர்களுடைய கேப்டன் குட்டப்பன் பந்தோடு ஓடினால் பந்தும் காலும் பேசிக்கொண்டு போவதுபோல இருக்கும். எங்கள் ஊர்க்காரர்களே அவர் ஆட்டத்துக்கு ரசிகர்கள்.

நடுவர் பந்தை வாங்கினார். சுற்றிப் பார்த்தார். கீழே உருட்டினார். அது நேராகப் போய், நின்று, யோசித்து, இடதுபுறம் திரும்பியது.

"இது என்ன?" என்றார்.

"காஞ்ச பந்து சார்" என்றேன்.

அவர் மேடையைப் பார்த்தார். மேடையிலிருந்து அவ்வளவு தூரத்துக்குப் பந்தின் வடிவம் தெரியாது. கூட்டமோ பொறுமை இழந்து கத்தத் தொடங்கிவிட்டது. குட்டப்பன் வந்து பந்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சாரமில்ல, களிக்காம்" என்றார். பரவாயில்லை, ஆடலாம் என்று அர்த்தம். விருந்தாளியே சம்மதித்துவிட்டபின் நடுவர் என்ன செய்வார்? விசில் ஊதினார்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். குட்டப்பன் அழகாகப் பந்தைத் தட்டி முன்னால் ஓடுவார். பந்து பின்னால் வரும். உருண்டு வருகிற பந்துக்குக் கோல்கீப்பர் குனிவார். அது தத்தி அவர் தலைக்கு மேல் போய்விடும். வித்தை தெரிந்தவர்கள் எல்லாரும் அந்தப் பந்திடம் தோற்றார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. பந்து எங்கே போகும் என்று அவர்களுக்கு எந்தப் பந்திலும் தெரிந்ததில்லை. வழக்கம்போல ஓடினார்கள், வழக்கம்போல உதைத்தார்கள். ஊரில் முதல் தடவையாக ஆட்டம் சமமாக நடந்தது.

முடிய இன்னும் சில நிமிஷங்கள்தான் இருக்கும். தங்கராசுவிடம் பந்து வந்தது. வலதுபக்க ஓரத்தில் தடுக்க யாருமில்லாமல் நின்ற எங்கள் ஆளைப் பார்த்து அவன் பந்தைத் தள்ளி உதைத்தான். கிளம்பியது வலது பக்கம்தான். பாதி வழியில் தரையில் மூக்கு குத்தி, எகிறி, இடது பக்கம் வளைந்து, வலது பக்கமாகப் பாய்ந்திருந்த கோல்கீப்பரை ஏமாற்றிவிட்டு வலைக்குள் போய் உட்கார்ந்தது.

மைதானம் வெடித்தது. தங்கராசுவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். நான் அழுதேவிட்டேன். (ஊர் ஜெயித்ததற்குப் பாதி, மாமா இனி என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துப் பாதி.) ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. மேடையில் மில்லுக்காரர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த நேரத்தில் குட்டப்பன் பந்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்; அந்த வாசம் அவருக்குத் தெரியாதா? பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடைக்கு வந்து மாமாவிடம் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

"மொதலாளி, இது ஸ்டோர்ல கெடந்த பந்தல்லே?"

குறை சொல்ல அவர் சொல்லவில்லை. வேடிக்கைக்குத்தான் சொன்னார். மாமா பந்தை வாங்கி, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ஏலத்தில் காயைப் பார்ப்பதுபோல மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு என்னைத் தேடினார்.

"மாப்ளே, பந்தை எங்க காயவச்ச?"

"ஸ்டோர்ல மாமா."

"தீ எம்புட்டு?"

"காய்க்கு வைக்கிறதைவிடக் கொஞ்சம் கூட."

மாமா கண்ணை மூடித் திறந்தார். திரும்பி, தோள்களிலிருந்து இறங்கி வந்து நின்ற தங்கராசுவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தங்கராசு மேசைமேல் இருந்த மாலையைப் பார்த்தான், மில்லுக்காரர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

"அப்பா, நான் கோலுக்கு அடிக்கல. வலது பக்கம் தள்ளித்தான் விட்டேன். அதுவா போச்சு."

எத்தனை வருடமாகத் துடைத்து வைத்த கோப்பை. எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மாமா மைக்கைப் பிடித்தார். "ஊர்க்காரவுகளுக்கு ஒரு வார்த்தை. இந்த எஸ்டேட்டுக்காரவுக தானா வரல. நான் கூப்பிட்டு வந்தவுக. கூப்பிட்டவன் வீட்டுப் பந்து கோணலா இருந்தா, அந்தக் கோணல் கூப்பிட்டவனைத்தான் சேரும். கோப்பை மலைக்குப் போகுது."

மில்லுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "செயிச்சவனுக்குக் குடுக்கத்தான்யா என்னைக் கூப்பிட்டீக. தோத்தவனுக்குக் குடுக்க என் கை வராது" என்று கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் காரில் ஏறிப் போயே போய்விட்டார். மாமாவே கோப்பையை எடுத்து நீட்டினார்.

குட்டப்பன் பின்வாங்கினார். "வேண்டா மொதலாளி. ரெண்டு பேருக்கும் ஒரே பந்தல்லே? நான் சிரிக்கத்தான் சொன்னேன்."

"பிடிப்பா. கை வலிக்குது" என்றார் மாமா.

குட்டப்பன் வாங்கிக்கொண்டார். மாலையை மட்டும் தன் கழுத்தில் போட விடவில்லை. வாங்கித் தங்கராசு கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். அன்று இரவு பந்தியில் எஸ்டேட் அணி உட்கார, ஏலக்காய் மாலையோடு தங்கராசு அவர்களுக்கு ரசம் ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஊர் என்னைச் சும்மா விடுமா? கடைத்தெருவில் நடந்தால் மாங்காய் விற்கிறவர்கூட, "பந்து வேணுமா தம்பி, நல்லாப் பழுத்தது இருக்கு" என்பார். சலூனில் என் தலையைத் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் சுருங்கியிருக்கிறது என்று கேட்டார்கள். அத்தை வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. தங்கராசு என்னைக் கண்டால் தெருவை மாற்றினான். ஊர் பேசியதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அவன் முகம் திருப்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

தேவாரத்திலிருந்து ஆள் வந்தது. ஜெயித்த கோப்பையையே அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுக்கிறவர், நாளைக்கு மகளுக்கு என்று எதை மிச்சம் வைப்பார் என்று மில்லுக்காரர் கேட்டனுப்பியிருந்தார். சம்பந்தம் முறிந்தது. மாமா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு ஒருநாள் என் அம்மாவையும் என்னையும் வீட்டுக்கு வரச்சொன்னார். திட்டுவதற்குத்தான் என்று நினைத்து, நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

மாமா விஜயாவைக் கூப்பிட்டார். "ஆத்தா, இவனை என்ன பண்ணலாம்? நீயே சொல்லு. பந்தைக் கெடுத்தான், கோப்பையைக் கெடுத்தான், உனக்கு வந்த நல்ல எடத்தையும் கெடுத்தான்."

விஜயா என்னைப் பார்க்கவில்லை. கதவு நிலையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "பந்து நனைஞ்சு கெடந்தப்ப, ஊரே செயிச்ச சந்தோசத்துல ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதைக் காயவைக்கணும்னு அவருக்கு மட்டும்தானப்பா தோணுச்சு."

மாமா அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "சரி, கட்டிக்க. ஆனா இவளையாவது ஸ்டோர்ல கொண்டுபோய் வச்சுறாத" என்றார்.

கல்யாணத்தன்று, மச்சினன் மோதிரம் போடும் நேரம் வந்தது. அதுவரைக்கும் தங்கராசு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் விரலைப் பிடித்து மோதிரத்தை மாட்டிவிட்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "மாப்ளே, உருண்டையா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்க" என்றான். முகூர்த்த மேடையில் அப்படிச் சிரித்த மாப்பிள்ளையை அந்த மண்டபம் பார்த்ததில்லை என்பார்கள்.

போட்டி எண்பதுகளிலும் பல வருடம் நடந்தது. மறு வருடத்திலிருந்து நோட்டீசின் அடியில், 'அணிகள் பந்தையும் உடன் கொண்டுவரவும்' என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது. அது ஏன் என்று புதிதாக வரும் அணிகள் கேட்கும். பந்தியில் தங்கராசு விளக்கம் சொல்லுவான். போடி அணி அதற்குப் பிறகு இறுதி ஆட்டத்துக்கு வரவே இல்லை.

இன்றும் வீட்டுக்கு யாராவது விருந்துக்கு வந்தால், சாப்பாடு முடிந்ததும் இந்தக் கதை ஆரம்பமாகிவிடும். எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு விஜயா சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எங்கப்பா தேவாரத்துப் பக்கம்தான் அடிச்சாரு. அது திரும்பி இவரு பக்கம் வந்து விழுந்துருச்சு."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போன மாதம் வந்திருந்த ஓர் உறவுக்காரப் பெண் சிரித்து முடித்துவிட்டு, "அப்படிப் பாத்தா, இது என் கோலு இல்லைன்னு உங்கப்பா மாதிரி நீங்களும் சித்தப்பாவைத் திருப்பிக் குடுத்திருக்கணும்ல சித்தி?" என்று கேட்டாள்.

விஜயா சாப்பிட்ட இலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்கப்பா குடுப்பாரு. நான் குடுக்க மாட்டேன்" என்றாள்.